மாலை போட்ட வண்டி

ஆயுத பூஜை அன்று காலையில் கௌசல்யா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து முதல் தடவையாகத் தனியாக வேலைக்குக் கிளம்பினாள். அவளுக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பத்துக்கு மேல் எண்ணினால் குழம்பிவிடும். பேசினால் இரண்டு மூன்று சொல்தான், அதுவும் தெரிந்தவர்களிடம் மட்டும்.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவள் அறிவுச்செல்வி. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஸ்கூட்டியில் போய் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியை. அன்று பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் லீவு, பஸ்ஸில் கூட்டம் இருக்காது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தானே காத்து நிற்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

பிளஸ் டூ முடிந்ததும் தன்னிடம் படித்த பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள் என்பது அறிவுச்செல்வியின் நெடுநாள் கோபம். கடைசி நாள் குரூப் போட்டோவில் நிற்பார்கள். அதன்பிறகு வீடு, டிவி, மூடின கதவு. அதற்காகவே அவள் ஊரெல்லாம் வேலை கேட்டு அலைந்தாள். மில்லில் "பாவம்" என்றார்கள். பேக்கரியில் பாவம் என்று சொல்லி ஒரு பொட்டலம் மிக்சரும் கொடுத்தார்கள். திண்டுக்கல் நாகல் நகரில் பிரியாணி மசாலா பொட்டலம் போடும் காதர் பீவி ஒருத்திதான் வேறு கேள்வி கேட்டாள்.

"லேட்டா வராம இருப்பாளா டீச்சரம்மா? அது போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

காதர் பீவியின் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒரு தராசில் வைத்த பிறகு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கும் இரண்டாவது தராசிலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால்தான் வாயை ஒட்டலாம். கௌசல்யாவுக்காக, சரியான எடையின் எண்ணை ஓர் அட்டையில் எழுதித் தராசின் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். கௌசல்யா அட்டையையும் தராசையும் மாறி மாறிப் பார்த்து, பொருந்தினால் ஒட்டுவாள். பொருந்தாவிட்டால் யார் அவசரப்படுத்தினாலும் ஒட்டமாட்டாள்.

வேலை பிடிபட்டுவிட்டது. பஸ்தான் பாக்கி. அவளுடைய அம்மா சுந்தரம்மாள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருப்பவள். தினமும் கடையை விட்டுவிட்டு மகளைக் கொண்டுபோய் விட அவளால் முடியாது. சில மாதங்கள் அறிவுச்செல்வி கூடவே போய் வந்தாள். ஓடிவரும் வண்டியின் பெயர்ப்பலகை கௌசல்யாவின் கண்ணில் நிற்கவில்லை. அதனால் ஓர் அடையாளம் சொல்லிக்கொடுத்தாள். டிரைவர் பெலிக்ஸ் தினமும் சுந்தரம்மாளிடம் செவ்வந்தி மாலை வாங்கி வண்டியின் நெற்றியில் போடுவார். காலையில் வேறெந்த வண்டியிலும் மாலை இருக்காது. "மஞ்ச மாலை போட்ட வண்டி நம்ம வண்டி. பஸ்ல போறப்ப போன்ல பேசக் கூடாது." இந்த இரண்டும் கௌசல்யாவுக்கு வேதமாகிவிட்டன.

சுந்தரம்மாள் ஒப்புக்கொண்டாள், ஆனால் கறாராக. "ஒரு நாள் தப்பிப் போனாலும் அத்தோட சரி டீச்சர். அப்பறம் எம்புள்ள எங்கூட பூக்கட்டிக்கிட்டு இருக்கட்டும். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அன்று திண்டுக்கல்லுக்கு பெலிக்ஸின் வண்டி வந்து நின்றது. முகப்பில் இரண்டு வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், தடிமனான செவ்வந்தி மாலை. எல்லோரும் இறங்கினார்கள். கௌசல்யா இறங்கவில்லை.

"ஏறவே இல்லையே டீச்சர்!" என்றார் பெலிக்ஸ். "கூட்டத்துல பாக்கல போலன்னு நெனச்சேன்."

அறிவுச்செல்வி திரும்பிப் பார்த்தாள். மதுரை வண்டி, பழனி வண்டி, தேனி வண்டி என்று பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனையும் மஞ்சள் மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன. கௌசல்யாவின் போனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பஸ்ஸில் இருந்தால் எடுக்கமாட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.

அறிவுச்செல்வி போனில் சொன்னதும், சுந்தரம்மாள் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து இறங்கினாள். இறங்கும்போதே குரல் பஸ் ஸ்டாண்டை நிறைத்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எங்க எம்புள்ள? லீவு நாளு, கூட்டம் இருக்காதுன்னு சொன்னீக. வண்டிக்கெல்லாம் பூச போடுற நாளுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"தப்புதாம்மா. எனக்குத் தோணவே இல்ல. ஆனா நீங்களும் காலையில அங்கதான இருந்தீங்க?"

"நான் எங்கிட்டுப் பாக்க? விடியுமுன்ன இருந்து டிரைவருமாரெல்லாம் கடைய மொய்ச்சுக்கிட்டு நிக்கிறாக. அம்புட்டு வண்டிக்கும் மாலை கட்டிக் குடுத்தது நான்தான..." என்றவள் அப்படியே நிறுத்தினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது அறிவுச்செல்வியின் போன் அடித்தது. காதர் பீவி.

"டீச்சரம்மா, எங்க நிக்கிறீங்க? புள்ள எப்பவும் வர்ற ராமர் ஆட்டோவுல வந்து எறங்கி, வேலைத் தொப்பியும் போட்டு ஒக்காந்துருச்சு. லேட்டுன்னு அதுவே சொல்லுது."

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டின் மறுபக்கம் வேறொரு மஞ்சள் மாலை வண்டியிலிருந்து இறங்கி அவள் நேரே வழக்கமான ஆட்டோவுக்குப் போயிருக்கிறாள்.

நாகல் நகரில் அரவை இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. வேலைக்கு வரும் பெண்கள் பூஜை போட, காதர் பீவி பொரிகடலை வாங்கி வைத்திருந்தாள். கௌசல்யா தன் தராசின் முன்னால் உட்கார்ந்து பொட்டலம் வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளிடமிருந்து துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. மாலை போட்ட வண்டியில் ஏறியிருக்கிறாள். அது கொடைக்கானல் வண்டி. கூட்டத்தில் கண்டக்டர் அவளிடம் வந்து சேர நேரமாகிவிட்டது. திண்டுக்கல் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு, மலைப்பாதை பிரியும் காட்ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறார்.

"அங்க என்னடி செஞ்ச?" சுந்தரம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

"கேட்டேன்."

"யாருகிட்ட?"

"கொய்யா விக்கிற அக்காகிட்ட. இந்த பஸ்னு சொன்னாங்க. லாரி அண்ணன்கிட்ட கேட்டேன். அது பெரியகுளம் பஸ்னாரு."

"அப்பறம்?"

"ஏறல. ரெண்டும் ஒண்ணு சொல்லல." கௌசல்யா கையிலிருந்த பொட்டலத்தை இரண்டாவது தராசுக்காரியிடம் நீட்டினாள். "அடுத்த பஸ் வந்துச்சு. ரெண்டு பேரும் திண்டுக்கல்னாங்க. ஏறிட்டேன்."

தெரியாத ஆளிடம் வாய் திறக்காதவள், கேட்டிருக்கிறாள். அதுவும் இரண்டு பேரிடம். அறிவுச்செல்வி சொல்லிக்கொடுத்த பாடத்தில் இது கிடையாது. அவளுக்குக் கண் கலங்கியது. காதர் பீவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள்.

"பாத்தியா சுந்தரம்மா, எங்க தராசு எம்புட்டு தூரம் போயிருக்கு!"

சுந்தரம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கையோடு கொண்டுவந்திருந்த பூக்கூடையின் அடியில் மிஞ்சியிருந்த ஒரு முழம் பூவை எடுத்து, தொப்பியை விலக்கி மகளின் தலையில் வைத்தாள்.

"வேலை செய்றப்ப பூ கூடாதும்மா" என்றாள் கௌசல்யா, எடுத்துத் திருப்பிக் கொடுத்தபடி. "மசாலாவுல விழும்."

"இவ ஒருத்தி!" என்று சுந்தரம்மாள் அந்தப் பூவை அறிவுச்செல்வியின் கொண்டையில் சொருகினாள். "டீச்சர், நீங்களும் நானும் நாள் குறிச்சோமே, வேற யாராச்சும் ஒரு ஆளக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாகள்ல? நாளைக்கும் தனியாவே அனுப்புறேன். இவளுக்கு ஒண்ணும் ஆகாது. நம்மதான் சூதானமா இருக்கணும்."

இரண்டு வருடம் கழித்து அறிவுச்செல்விக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றலாகியிருந்தது. அங்கேயும் ஸ்கூட்டி, அங்கேயும் "பாவம்". ஒரு ஆயுத பூஜை காலையில், ஐஸ் பேக்டரி வாசலில் வேலை கேட்கக் காத்து நின்றபோது வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் டிரைவர்கள் சத்தமும், சுந்தரம்மாள் யாரோடோ பேரம் பேசும் சத்தமும்.

"டீச்சர், கௌசல்யா. எல்லா வண்டிலயும் மாலை. ரெண்டு பேருகிட்ட கேட்டுட்டேன். தீபா புதுசா வேலைக்கு வாரா, அவளும் ஒங்ககிட்ட படிச்ச புள்ளதான். அவளையும் கேக்கச் சொன்னேன், கேட்டா. வண்டி வந்துருச்சு. வைக்கிறேன் டீச்சர், பஸ்ல பேசக் கூடாது."