தகரத்துக்கு அடியில் ஃபோம்

திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே கோடைப் பகலில் கண்மூட முடியாது. அடியில் எதை ஒட்டலாம் என்று ராமநாதபுரம் கடையில் கேட்டோம்.

"தெர்மாகோல் சூட்டை மட்டுந்தான் தடுக்கும். இந்தத் தடி ஃபோமு சத்தத்தையும் அடக்கிரும்க்கா," என்றார் கடைக்காரர்.

"சத்தமுமா?" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். எனக்குத் தூங்கினால் போதும். ஃபோமையே எடுத்தோம்.

அதை ஒட்டிய மறுநாள், மிளகாயை முற்றத்தில் காயப் போட்டுவிட்டுப் படுத்தேன். அப்படியொரு தூக்கம் தூங்கி வருடக்கணக்காகியிருந்தது.

கதவு இடிபட்டதும்தான் எழுந்தேன். பக்கத்து வீட்டு மதினி தொப்பலாக நனைந்து நின்றாள்.

"மழை இந்த அடி அடிக்கிது, ஒங்களக் காணமேன்னு நானே அள்ளுனேன். பாதி நனஞ்சு போச்சு மதினி."

மழைக்காக வானத்தையே பார்த்துக் கிடக்கும் ஊர் இது. வந்த மழை எனக்குக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மிளகாய் காயும் நாட்களில் அவள் வீட்டில் போய்ப் படுக்கிறேன். அங்கே வெறும் தகரம். தூக்கம் வராது, மழை வந்தால் கேட்கும்.