கண்ணாடி போட்ட கரடி

போன வாரம் என் மகள் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரை நீர்யானையாக வரைந்து லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டாள். சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து சிரித்துக்கொண்டேதான் விசாரித்தார்கள். அவர்கள் போன பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் தூக்க என்னால் முடியவில்லை. நீர்யானையால் அல்ல, பழைய கரடி ஒன்றால்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். காலையில் குழந்தைகள் புத்தகங்களுக்கு முயலும் நரியும் வரைவார். பிறகு ஒரு மாலைப் பத்திரிகைக்கு அரசியல் கார்ட்டூன். புத்தகத்தில் சொந்தப் பெயர், கார்ட்டூனில் வேறு பெயர். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கார்ட்டூனில் வருகிறவர்களுக்கு வால் இருக்காது, அவ்வளவே.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி எங்கள் சந்துக்கு வர மறந்துவிட்டது. கவுன்சிலர் வீட்டு வாசலில் மட்டும் தவறாமல் நின்றது. மாமா அதை ஒருமுறை வரைந்தார். அது பேப்பரில் வந்து, டீக்கடையில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தும் போனது. அடுத்ததை ஆரம்பித்திருந்தார். லாரித் தொட்டியின் மேல் கவுன்சிலர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். கீழே குடங்களோடு பெண்கள் வரிசை. எல்லாம் பென்சிலில். கவுன்சிலரின் கறுப்புக் கண்ணாடிக்கு மட்டும் மை ஏறியிருந்தது.

அப்போது வாசலில் குரல்.

"இன்னாமா, இந்த வூட்ல பேப்பருக்குப் படம் போடுறது யாரு?"

கவுன்சிலரின் ஆட்கள் இருவர். அம்மா என் தோளைப் பிடித்தபடி வாசலை அடைத்து நின்றாள். "பேப்பருக்கெல்லாம் இல்லண்ணா. என் தம்பி புள்ளைங்க புக்குக்குத்தான் வரைவான். வெயில்ல வந்துக்கீறீங்க, மோர் குடிங்க." தண்ணீரில்லாத வீட்டில் அவர்களுக்கு மோர் கிடைத்தது.

உள்ளே மாமா எழுந்திருக்கவே இல்லை. கவுன்சிலரின் தலையில் இரண்டு காது முளைத்தது. மீசையும் மூக்கும் சேர்ந்து மூஞ்சியாக நீண்டன. உடம்பெல்லாம் ரோமம். தொட்டி சாய்ந்த மரமாயிற்று, குடங்கள் தேன்சட்டிகளாயின, பெண்களுக்கு முயல்காது வந்தது. வாசலிலிருந்தே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு வித்தை.

மோர் டம்ளரோடு உள்ளே வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். நான்தான் கேட்டேன்.

"மாமா, கரடிக்கு எதுக்குக் கண்ணாடி?"

அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன.

"தேன் எடுக்கச்சொல்ல ஈ கண்ணுல கொட்டிடும்ல பாப்பா" என்றார் மாமா, தலை நிமிராமல்.

இளையவன் கைதட்டிச் சிரித்தான். "டேய், நம்ம அண்ணன் மாதிரியே கீதுடா!"

மூத்தவர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி படத்தை. கடைசியில், "என் பொண்ணு கரடின்னா உசுர வுடும். இத்த குட்த்துடு நைனா" என்றார். சுருட்டி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மறுநாள் கார்ட்டூன் இடத்தில் சோப்பு விளம்பரம் வந்தது. கரடி போன துக்கத்தில் நான் சாப்பிட மறுத்தேன். அடுத்த வாரமே மாமா மறுபடி கார்ட்டூன் போட்டார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். இரண்டு வேலையையும் அவர் கடைசிவரை விடவில்லை. கரடியும் அவர் புத்தகங்களில் நிரந்தரமாகக் குடியேறியது, கண்ணாடியோடு. பிள்ளைகளுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "அன்னிக்கு ரோமம் ஒவ்வொண்ணும் சிலுத்துகினு இருந்துச்சு மாமா. இப்போ அந்த மாதிரி வரல."

மாமா சிரித்தார். "அதுக்கு அவங்க ரெண்டு பேரும் திரும்ப வரணும் பாப்பா."

அவர்கள் நல்ல ரசிகர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவின் கோடு எப்போதும் ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகும். அன்று மட்டும் ஏன் அப்படிச் சிலிர்த்தது என்பது, போன வாரம் டம்ளர் தளும்பி என் புடவையெல்லாம் நனைந்தபோதுதான் தெரிந்தது.