பாதியில் நின்ற ஜெபம்

நாங்கள் நாலு பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் நீல ரிப்பனில் சங்கத்து மெடலை மாட்டிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். "யாரு வூட்டுக்கு?" என்று யாராவது ஒருத்தர் கேட்பார். "எங்க வூட்டுக்கு இல்லியே?" என்பதுதான் அவர் கேட்பது, குரலிலேயே தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன்யா, நாங்க என்ன எமனோட ஆளுங்களா? நடக்க முடியாதவங்களுக்கு சக்கர நாற்காலி கொண்டு வர்றோம். கண் முகாம் நடத்துறோம். ரத்தம் கொடுக்குறோம். அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தூக்க ஆளில்லாத பிணத்தைத் தூக்குகிறவர்கள் என்றுதான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்களுக்குப் பேர்.

அது பொய்யும் இல்லை. எங்கள் பங்குக் கோயிலின் ஆண்கள் சங்கத்தில் பதினோரு பேர். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர் தலைவர். கொரோனா சமயத்தில் பெத்த பிள்ளையே கிட்டே வரப் பயந்த உடல்களை நாங்கள்தான் குழிக்குள் இறக்கினோம். பார்த்துப் பார்த்து மனசு மரத்துவிட்டது. அடக்க ஜெபம் எனக்குத் தூக்கத்திலும் வரும். சங்கத்தில் ஜெபம் தொடங்கிவைப்பது நான்தான், என் குரல் கணீரென்று இருக்கும் என்பார்கள். அந்தக் குரலை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

அந்தக் காலம் முடிந்தபிறகு ஒரு குடும்பம் சங்கத்துக்கு ஆக்சிஜன் மிஷின் ஒன்று கொடுத்தது. முழங்கால் உயரம், அடியில் சக்கரம். கரண்டில் ஓடும். அறைக்குள் இருக்கிற காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். "மிஷின்னா நீதான்பா" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். வாரம் ஒரு தடவை பின்னாலிருக்கும் ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டும். முன்னாலிருக்கும் சின்னக் குடுவையில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மிஷின் ஐந்து வீட்டுக்குப் போய்வந்தது. ஐந்து வீட்டிலிருந்தும் அடக்கம் முடிந்த பிறகுதான் திரும்பிவந்தது. மிஷின் மேல் குற்றமில்லை. நெஞ்சு முழுக்கக் கெட்டுப்போனவருக்குத்தான் டாக்டர் அதை எழுதிக் கொடுப்பார். ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? சாவுப் பொட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஆறாவது வீடு எண்ணூரில், கழிமுகத்துக்குப் பக்கத்தில். வாசலில் நின்றால் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். அந்த வீட்டு மனிதர் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். இளவயதில் மின்நிலையத்தில் காண்ட்ராக்டில் சாம்பல் அள்ளினார், அப்புறம் கழிமுகத்தில் இறால் பிடித்தார். மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். மிஷின் கேட்டு அவர் மனைவி கோயிலுக்கே வந்திருந்தாள். மீன் விற்கிறவள், பேச்சில் அடி பின்னுவாள். அன்றைக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, ஒரே வாட்டி குடுங்கண்ணா, அவரு தேறிக்குவாரு" என்றாள். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நாலு பேராகப் போனோம். அந்த வாரம் மட்டும் மூன்று அடக்கம் பார்த்திருந்தோம். மிஷினை ஓடவிட்டேன். குழாயை மூக்கில் மாட்டியதும் அவர் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. வழக்கம்போல நோயாளிக்காக ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். "பிதாவுக்கும் சுதனுக்கும்..." என்று சொல்லி முடித்தேன். அதற்கப்புறம் நோயாளிகளுக்கான ஜெபம் வரணும். என் வாய் அதுபாட்டுக்குப் போயிற்று.

"நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே."

செத்தவருக்குச் சொல்வது அது. கணீரென்று சொன்னேன். மற்ற மூன்று பேரும் பழக்கதோஷத்தில் "முடிவில்லாத ஒளி..." என்று பதில் எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். அறைக்குள் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

கண் மூடியிருந்த மனிதர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, இப்பவே டிக்கெட்டு கிழிக்கிறியா?" என்று சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. கத்தவுமில்லை. நேரே போய் பிளக்கைப் பிடுங்கினாள். புருஷன் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினாள். மிஷினை உருட்டிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டாள்.

"எடுத்துகினு போங்க."

"யம்மா, வாய் தவறி..."

"சொன்னத திருப்பி எடுத்துக்குவியா? முடியாதில்ல? போ."

தலைவர் திரும்பும் வழியெல்லாம் என்னைத் திட்டினார். "உன் நாக்குல இன்னா சனியனா குந்திகினு கீது?" என்றார். "நீங்க மட்டும் முடிவில்லாத ஒளின்னு ஆரம்பிக்கலியா?" என்று நானும் எகிறினேன். ஆனால் மனசு ஆறவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "ஜெபம் ஆளைக் கொல்லாதுப்பா" என்று சிரித்து அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷின் இங்கே கோயில் ஷெட்டில் சும்மா நிற்கிறது, அங்கே அந்த மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாலாவது நாள் மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டு, கிரீஸ் அப்பிய சட்டையோடு மிஷினை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் சாய்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். வேண்டாமென்று சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"வெள்ளச் சட்ட வேணாம்" என்றாள். "மெடலு வேணாம். அவங்க யாரும் வேணாம், நீ மட்டும் வா. ஆனா இந்த வூட்டுக்குள்ள நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் லுங்கியும் டீ-ஷர்ட்டுமாகப் போனேன். போய் ஸ்பாஞ்சைக் கழற்றி வாளியில் அலசுவேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர் இறங்கும். ராயபுரத்து வீடுகளில் அந்தத் தண்ணீர் லேசாகக் கலங்கும், அவ்வளவுதான். இங்கே மூன்று தடவை அலசினாலும் தெளியாது. ஒரு ஞாயிறு காற்றில் என்னவோ வாடை வந்தது. மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. எங்கேயிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. தெருவே ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு ஓடியது. மிஷினை விட்டு நகர முடியாத மனிதர் உள்ளேயே இருந்தார். அந்த மிஷின் இழுப்பதும் அதே காற்றைத்தானே? கதவு இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, அவளும் நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். மீனை அரிந்துகொண்டிருந்தாலும் கண் என் வாய் மேல்தான் இருக்கும். கொட்டாவி வந்தால்கூட அடக்கிக்கொள்வேன். என்னிடமோ ஒரு இன்ஜின்காரனின் கெட்ட பழக்கம், சத்தத்தை வைத்தே வியாதியைக் கண்டுபிடிப்பது. மிஷின் சத்தம் சரியாகத்தான் இருந்தது. அவர் மூச்சின் சத்தம்தான் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே வந்தது. கேட்கவே பயமாக இருந்தது. நான் சொன்ன அரை ஜெபம் அவருக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறதோ என்று ஒரு எண்ணம். முட்டாள்தனம்தான். தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஏழாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் போன உடனே அவர் என் கையைப் பிடித்தார். விரல் ஜில்லென்று இருந்தது.

"நைனா, அன்னிக்கு ஒண்ணு ஆரம்பிச்சியே. அத முழுசா சொல்லு."

நான் தலையை ஆட்டினேன், முடியாதென்று.

"பாதில வுட்டுட்டுப் போய்ட்டே. அதே மனசுல சுத்திகினு கீது. முடிவில்லாத ஒளின்னு ஆரம்பிச்சாங்களே, அப்பால இன்னா?" மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார். "கோயிலுக்கு சரியா போனவன் இல்ல நானு. எனக்கு மனப்பாடம் கெடையாது. செத்தப்பறம் சொல்லுவீங்க, அப்ப எனக்குக் கேக்கவா போவுது? இப்ப காது நல்லாத்தான் கீது. சொல்லேன்."

கதவுப் பக்கம் பார்த்தேன். லாரிக்கிட்டே சண்டை நடந்துகொண்டிருந்தது, அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது. நாலே வார்த்தை. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நான் சொல்லவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அது இல்லை. சொல்லி முடித்தால் அந்த நிமிஷமே அவர் போய்விடுவார் என்று பயந்தேன். அவர் காதருகே குனிந்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னேன். அந்த வீட்டுக்குள் நான் உடைத்த சத்தியம் அவ்வளவுதான். உடைத்ததும் உடைத்தேன், உருப்படியாக உடைக்கத் தெரியவில்லை.

அவள் குடத்தோடு உள்ளே வந்தாள். முதலில் என் உதட்டைத்தான் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு கோயில் ஹாலில் கண் முகாம். நூறு பேர் வரிசையில் நின்றார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணில் மருந்து விட்டுக்கொண்டவர்களுக்கு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தேன். ஒரு மணிக்கு முகாம் முடிந்துவிட்டது. எண்ணூர் போக மனம் வைத்திருந்தால் போயிருக்கலாம். நாற்காலிகளை நானே அடுக்கினேன், ஹாலை நானே கூட்டினேன். "இன்னாபா இன்னிக்கு இவ்ளோ சுறுசுறுப்பு?" என்றார் தலைவர். வேலை இருக்கு என்றேன். ஒரு ஸ்பாஞ்ச் ஒரு வாரம் கழுவாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் போன் வந்தது.

சங்கமே போனது. இந்தத் தடவை வெள்ளைச் சட்டைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை நான் தலைமாட்டில் பிடித்தேன், கனமே இல்லை. குழிமேட்டில் நின்று அந்த ஜெபத்தைச் சொன்னேன். "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று எல்லோரும் முழுசாகப் பதில் சொன்னார்கள். யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் சத்தமாக. தலைவர் திரும்பிப் பார்த்தார். மண் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மிஷினை எடுத்துவரப் போனேன். தனியாகத்தான் போனேன். மிஷினைத் துடைத்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்தாள். ஸ்பாஞ்சை அவளே கழுவிக் காயவைத்திருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். வாயைத் திறக்கலாமா என்று தெரியாமல் மூடியே இருந்தேன்.

"உன்னாண்ட ஒண்ணு கேட்டாராமே" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கு சாயந்தரமே எங்கிட்ட சொல்லிட்டாரு. மூணு நாளு அவரோட பேசல நானு. அப்பால நெனச்சிப் பாத்தேன். கேக்கறது அவரு தானே? நான் யாரு தடுக்க? ஞாயித்துக்கெழம நீ வந்தா சொல்லச் சொல்லலாம்னு இருந்தேன். காலையிலயே அவருக்கு மூஞ்சி கழுவி, வேற சட்ட மாத்தி வுட்டேன். வாசலப் பாத்துகினே இருந்தாரு. இருட்டுற வரிக்கும் பாத்தாரு."

எழுந்து உள்ளே போனாள். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"உன் மிஷினுக்குத்தான். அன்னிக்கு நீ வருவேன்னு கொதிக்க வெச்சி ஆற வெச்சது. அப்படியே கீது, எடுத்துகினு போ."