தண்ணி பார்த்தவள்

மலையில் மழை பெய்தால் ஆற்றில் முதலில் மாறுவது வாசம். மக்கிய இலை வாசம் வரும். பிறகுதான் தண்ணீர் கலங்கும், சருகு மிதந்து வரும். அதற்குள் கரையேறிவிட வேண்டும். அதனால் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற எங்கள் ஊர்க் குடும்பங்களில், ஒரு ஆள் மட்டும் குளிக்காமல் பாறைமேல் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குத் "தண்ணி பாக்கிறது" என்று பேர். எங்கள் வீட்டில் அது அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்புக்குப் போனாலும் அம்மாதான். பிள்ளைகள் மூன்று பேரும் அப்பாவும் உதடு வெளுக்கிறவரை கிடப்போம். ஆற்றில் அம்மா தலை நனைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு முழுப்பரீட்சை லீவில் அப்பா வேன் பிடித்து எங்களைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊர் சோழபுரத்தில் வேன் ஏறும்போதே அம்மா சொன்னாள்.

"கடல்ல ஏது மலை, ஏது வெள்ளம். இன்னைக்கு நானும் குளிப்பேன்."

மாற்றுச்சேலை எடுத்து வைத்திருந்தாள்.

நாங்கள் யாரும் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. கணுக்கால் நனைந்திருக்கும், ஒரு பெரிய அலை எழுந்து வந்தது. "வெள்ளம் வருது! ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!" என்று அம்மா கத்தினாள். தம்பிகளைக் கையிலும் என்னைச் சடையிலும் பிடித்து மேட்டுக்கு இழுத்துவிட்டாள். பக்கத்தில் குளித்தவர்களில் நாலு பேர் சேர்ந்து ஓடினார்கள்.

அப்பா தண்ணீரில் நின்று சிரித்தார். "ஏட்டி, அது வந்துட்டுப் போயிரும். அந்தா, அண்ணாச்சி ஒருத்தரு துண்ட விட்டுட்டு ஓடுதாரு பாரு. வா."

"அம்புட்டுத் தண்ணி வருது. யாராவது பாக்கணும்லா. நீங்க குளிங்க."

சேலைப் பையை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மறுபடி இறங்கினோம். ஒவ்வொரு அலைக்கும் அவள் சத்தம் கொடுத்தாள். பொறவு இரைச்சலில் அது கேட்கவில்லை.

"நான் பார்க்கிறேன், நீ போய்க் குளி" என்று சொல்லச் செத்த நேரம் ஆகாது. எங்கள் நாலு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பத்து வயது, தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தோன்றியது. தண்ணீர் நன்றாக இருந்தது.

அந்தச் சேலை நனையாமலே வீடு வந்தது. அம்மா அப்புறம் கடலுக்குப் போகவில்லை. இப்போது அம்மாவும் இல்லை.

போன வருஷம் என் பிள்ளைகளோடு அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் ஏறினால் விசில் ஊத ஆள் நிற்கிறார். வீட்டு ஆள் யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. "நீயும் வாம்மா" என்று மகள் இழுத்தாள். இறங்கி ஒரு முழுக்குப் போட்டேன். எழுந்ததும் கண் தானாகப் பாறைக்குப் போனது. யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.