தாளின் தலை எந்தப் பக்கம்

தாளுக்குத் தலை எது, கால் எது என்று பார்ப்பதுதான் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட தொழில். அப்போது தரம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். லுணுகலைக் கடைவீதியில் என் சித்தி வேலை பார்த்த போட்டோ கொப்பிக் கடைதான் எனக்குப் பள்ளிக்கூடம். சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தாள். பதுளைக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் என்பதால் தோட்டத்தில் அவளுக்குத் தனி மரியாதை. அந்த மரியாதையில் பாதி எனக்கும் சேரவேண்டியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னை நேரே கடைக்குப் போகச் சொல்வாள். "சித்திக்குத் துணையா இருந்துட்டு, அஞ்சு மணி பஸ்ஸில ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க" என்பாள். என்னைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்புகிறார்கள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் கணக்கு சேர் கடைக்கு வரும் நாள். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து, கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் தரம் ஐந்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் மாதிரிப் பரீட்சை வைப்பார். பன்னிரண்டு பக்க வினாத்தாளைக் கையாலேயே எழுதி, பாடசாலை அலுவலகத்தில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருந்த ஸ்கேனரில் போட்டு, பென் டிரைவில் கொண்டுவந்து சித்தியிடம் கொடுப்பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே அடித்தாக வேண்டும். அந்த மழை மாதங்களில் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்துவிடும். முதல் இடிக்கே கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் மறுநாள் பிள்ளைகள் கேள்விகளைக் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பரீட்சை நேரமே முடிந்துபோகும்.

இந்த அவசரத்தில்தான் சேர் ஒரு கூத்துப் பண்ணுவார். அவர் கொண்டுவரும் பக்கங்களில் ஒன்றுகூட நேராக இருக்காது. முதல் பக்கம் தலைகீழாக நிற்கும். இரண்டாவது இடதுபுறம் சாய்ந்து படுத்திருக்கும். மூன்றாவது வலதுபுறம். எல்லாம் முழு வண்ணத்தில், தாளின் மஞ்சளும் மேசையின் நிழலும் சேர்ந்து, ஒவ்வொன்றும் யானைக் கனம். அப்படியே அடிக்கக் கொடுத்தால் பிரிண்டர் ஒரு பக்கத்துக்கு நெடுநேரம் யோசிக்கும். படுத்திருக்கும் பக்கத்தை வெளியே தள்ளும்போது எழுத்தெல்லாம் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

சித்தி ஒவ்வொன்றாகத் திறப்பாள். திருப்புவது என் வேலை. "இன்னொரு தடவ திருப்புடி, இப்ப சரி" என்பாள். நிமிர்ந்த பக்கத்தின் ஓரத்து நிழலை வெட்டி எறிவாள். வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குவாள். கடைசியில் பன்னிரண்டையும் ஒரே கோப்பாகக் கட்டுவாள். அதன்பிறகு பிரிண்டர் மூச்சுவிடாமல் அடித்துத் தள்ளும். அதுவரை சேர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏன் சேர், தாள நேரா வச்சு எடுக்க மாட்டீங்களா?" என்று சித்தி ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

"ஓம் ஓம், அவசரத்தில வைச்சிட்டன். அடுத்தமுறை கவனிக்கிறன்" என்று அவரும் ஒவ்வொரு வாரமும் சொல்வார். அடுத்த வாரமும் முதல் பக்கம் தலைகீழாகவே வரும். எங்கள் கொப்பிகளில் ஓரக்கோடு கொஞ்சம் கோணினாலும் திரும்பக் கீறச் சொல்கிற மனிதருக்கு ஒரு தாளை நேராக வைக்கத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பே குறைந்துவிட்டது. அதைவிடச் சித்தியின் போக்குதான் புரியவில்லை. வேறு யாராவது இப்படிக் கொண்டுவந்தால் வள்ளென்று விழுகிறவள், சேரிடம் மட்டும் சிரித்துச் சிரித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் சித்தியைப் பெண் பார்க்க வருவதாகக் கொஸ்லந்தையிலிருந்து ஆட்கள் சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று முடிவானது. வரும்போது லட்டு கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். சித்திக்கோ அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை வேலை முடியட்டும் அக்கா" என்று அம்மாவிடம் சொல்வது மட்டும் காதில் விழுந்தது. பாவம், வினாத்தாள் கவலை என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கவலையைத் தீர்த்துவைப்பது என் கடமை என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் அலுவலக அறைக்குப் போனேன். கொப்பித் தாளில் ஓர் அம்புக்குறி வரைந்து, "தாளின் தலை இந்தப் பக்கம்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை ஸ்கேனரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தபோது சேர் வினாத்தாளோடு உள்ளே வந்தார். அங்கேயே உட்கார்ந்திருந்த பாடசாலை அதிபர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை வாயாரப் புகழ்ந்தார். "அவளே வச்சுக் குடுக்கட்டும் சேர், கெட்டிக்காரப் புள்ள" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு தாள்களையும் நானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வைத்தேன். கறுப்பு வெள்ளையை முதலிலேயே அமுக்கச் சொல்லிச் சேரிடம் ஞாபகப்படுத்தினேன். "நல்ல யோசனைதான்" என்றார் சேர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டு மணிக்குச் சித்தி பென் டிரைவைச் செருகித் திறந்தாள். பன்னிரண்டு பக்கமும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள் மாதிரி நிமிர்ந்து நின்றன. சித்தி சேரைப் பார்த்தாள். சேர் என்னைப் பார்த்தார். நான் அடக்கத்தோடு கூரையைப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடித்து முடிந்தது. சேர் உட்காரக்கூட இல்லை. உட்காருவதற்கு என்ன வேலை இருந்தது? போனுக்கு ரீலோட் போட வந்த இரண்டு பேர் கவுண்டரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர் தாள்கட்டை வாங்கிக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "அப்ப நான் வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒன்ன யாருடி இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றாள் சித்தி.

அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. பாராட்டுக்காக நீட்டிய முகத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சித்தியின் கண்ணும் கலங்கியிருந்தது. வேலை நேரத்தோடு முடிந்ததற்கு அழுகிற குடும்பத்தில் போய்ப் பிறந்தோமே என்று நொந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. முதல் இடிக்கே கரண்ட் போனது. ரீலோட்காரர்கள் அதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். கொட்டுகிற மழையில் கடைக்குள் ஓர் உருவம் ஏறியது. பார்த்தால் சேர், தொப்பலாக நனைந்துபோயிருந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் ஒரே ஒரு தாள்.

"எட்டாம் பக்கம் விடுபட்டுப் போச்சுது போல" என்றார்.

"இல்ல சேர், எட்டாம் பக்கத்த நான்தானே வச்சேன். கட்டுல பாருங்க, இருக்கும்" என்றேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கரண்ட் இல்லையே சேர்" என்றாள் சித்தி.

"பரவாயில்லை. வரும்வரைக்கும் இருக்கிறன்" என்று சேர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சித்தி அந்தத் தாளை வாங்கிக் கடை ஸ்கேனரின் மூடியைத் தூக்கி வைத்தாள். எட்டிப் பார்த்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. "சித்தி, தலைகீழா வச்சிருக்கீங்க!"

"தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அவள் மூடியை மூடினாள்.

இனி இவர்களோடு பேசிப் பயனில்லை என்று முன்பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு பேரும் தணிந்த குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வந்தது, அது வந்ததையும் அவர்கள் கவனிக்கவில்லை. அஞ்சு மணி பஸ்ஸையும் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனோம்.

ஏன் தாமதம் என்று அம்மா கேட்டதும் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். அடித்து முடித்த பக்கத்தையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்த சேரைப் பற்றியும், அதைத் தலைகீழாக வைத்த சித்தியைப் பற்றியும் நியாயம் கேட்டேன். அம்மா என்னை விட்டுவிட்டுச் சித்தியின் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். "அப்ப கொஸ்லந்தக்காரங்கள வர வேணாம்னு சொல்லிறவா?" என்றாள். சித்தி தலையை ஆட்டினாள். கைக்கெட்டிய லட்டு போயிற்றே என்று நான் அன்றைக்கு இரண்டாவது தடவையாக அழுதேன்.

திங்கட்கிழமை அலுவலக அறையை எட்டிப் பார்த்தால், ஸ்கேனரில் நான் ஒட்டிய அம்புக்குறியைக் காணோம். வேறொன்று வரைந்து ஒட்டினேன். மறுநாள் அதுவும் இல்லை. பொறாமை பிடித்த எவனோ செய்கிற வேலை என்று தரம் ஐந்துப் பையன்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். ஒருவனோடு சண்டையே பிடித்தேன். கடைசியில் சேரிடமே போய் முறையிட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டாயம் கண்டுபிடிப்பதாக வாக்குக் கொடுத்தார். இத்தனை வருடமாகியும், இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறார் என் சித்தப்பா.