பின்தலையில் ஒரு நீர்ப்பை

என் மகள் மைமூன் பிறந்தபோது அவள் பின்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பை இருந்தது. அழுதால் அது விம்மும். இதே கவலையோடு பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு இராஜபாளையத்தில் துணிக்கடை. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்க முடியாது. நானும் என் மனைவி ஆமினாவும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டோம். பார்க்க வந்தவர்கள் கிரகணத்தால் வந்தது என்றார்கள். ஒருநாள் ஆமினா சீறிவிட்டாள்.

"பிள்ளையப் பாக்க வந்தா பிள்ளையப் பாருங்க. கெரகணத்தப் பேசணும்னா வெளிய போயிப் பேசுங்க."

மூன்றாம் மாதம் பை நாரத்தங்காய் அளவாயிற்று. வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளவயதுக்காரர். சன்னல்களைச் சாத்திவிட்டுப் பைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தார். பை முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது.

"பாருங்க, நிழலே விழல. மூளை இதுக்குள்ள வந்த மாதிரித் தெரியல. நீர்தான்."

இது மூளையுறைப் பிதுக்கம் (மண்டையோட்டில் உள்ள இடைவெளி வழியே மூளையின் உறை பையாக வெளியே தள்ளுவது) என்றார்.

"நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா, ஐயா?" என்றாள் ஆமினா.

"இல்லம்மா. வயித்துல இருக்கும்போதே அந்த எலும்பு சரியா மூடல. அம்புட்டுதான்."

மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் அழுதாள்.

பை கிழிந்தால் சீழ் பிடித்து உயிர் போகும், அறுத்தாலும் எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"செய்யுங்க," என்றாள் ஆமினா.

குளோரோபாரம் (மயக்க மருந்து) கொடுத்து, பையின் காம்பைக் கட்டி அறுத்தெடுத்தார்கள். தாழ்வாரத்தில் நின்று துஆ ஓதினேன்; பாதியில் மறந்து மறுபடி தொடங்கினேன். வெகுநேரம் கழித்து உள்ளே அழுகுரல் கேட்டது. ஆமினா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது பசி அழுகை, மச்சான். எனக்குத் தெரியாதா!"

தையல் பிரித்துப் புண் ஆறியதும் மைமூனை முதல்முறையாக மல்லாத்திப் போட்டோம். உத்தரத்தைப் பார்த்துக் காலை உதைத்து உதைத்துச் சிரித்தாள்.

"ஏட்டி, அங்க அப்பிடி என்னதான் இருக்கு?" என்று ஆமினாவும் பக்கத்தில் படுத்து மேலே பார்த்தாள்.

இனித் தலைக்குள் நீர் தேங்கித் தலை வீங்கக்கூடும், வாரம் ஒருமுறை நூலால் அளந்து பாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். வெள்ளிதோறும் பள்ளிவாசலுக்குப் போகுமுன் அளந்து முடிச்சுப் போட்டேன். தலை மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே வளர்ந்தது. மைமூன் தாமதமாகத்தான் நடந்தாள். நடந்த பிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடுக்கிட்டுக் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை அளந்தோமா?"

"எந்த வெள்ளிக்கிழமை?" என்றாள் ஆமினா.

எண்ணிப் பார்த்தால் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு சிறு தலையை எந்நேரமும் தாங்கிக்கொண்டிருப்பதுபோல் என் கையில் இருந்த கனம் எப்போது போனது என்றும் தெரியவில்லை. மூன்று வெள்ளிக்கிழமைகள் வெறும் வெள்ளிக்கிழமைகளாகவே கடந்துபோயிருந்தன.