அழுததா, இல்லையா

‘குழந்தையின் நலனே முதன்மையானது’ என்ற வரியை நான் ஒரு நாளைக்குக் குறைந்தது இருபது தடவை அடிக்கிறேன். குடும்ப நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை, பதினொரு வருடம் ஓடிவிட்டது. அந்த வரிக்கு இப்போது கண்ணும் வேண்டாம், மனசும் வேண்டாம். விரல் தானாக ஓடும். அதற்கு அர்த்தம் தெரிந்த ஆள் எங்கள் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான், கீழ்த்தளத்தில் இருக்கும் அஞ்சு நிமிஷத்தக்கா. அவர் சட்டம் படித்ததில்லை. அதனால்தான் தெரிந்ததோ என்னவோ.

கீழ்த்தளத்தில் சந்திப்பு அறை என்று ஒன்று உண்டு. பிள்ளை ஒருவரிடமும் வழக்கு ஒருவரிடமும் இருக்கிற வீடுகளில், பிள்ளை தன்னிடம் இல்லாதவர் சனிக்கிழமை அங்கே வந்து ஒரு மணி நேரம் அதைப் பார்க்கலாம். கதவைத் திறப்பது, உள்ளே ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது, பதிவேட்டில் எழுதுவது அக்காவின் வேலை. நேரம் முடியப்போகும்போது “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பார். அந்த அஞ்சு நிமிஷம் பதினைந்து ஆகும். வெளியே நிற்கிற வக்கீல்கள் கடுப்பாகி வைத்த பெயர்தான் அது.

அதற்கு முன் பதினாறு வருடம் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தவர். இங்கே வந்த முதல் வாரமே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே மாட்டினார். “குழந்தைங்க முள்ளையே பார்த்துக்கிட்டு இருக்குங்க. அப்புறம் விளையாட்டு எங்கேருந்து வரும்?” நடுவில் கிடந்த நீள மேஜையைச் சுவரோரம் தள்ளினார். “இதென்ன ஜெயிலா, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச?” அலுவலக மேலாளர் குதித்தார். எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று அக்கா கேட்டார். அதோடு குதிப்பது நின்றது.

அக்காவின் கதையும் அப்படியொன்றும் இனிப்பானதில்லை. மகளுக்கு இரண்டு வயதில் புருஷன் போய்விட்டான். பிள்ளை வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டு வரவில்லை. “எங்க வீட்ல இழுக்கறதுக்கு இன்னொரு ஆள் இல்ல தம்பி. அதனால வழக்கும் இல்ல, வாய்தாவும் இல்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இத்தனை விவரமான அக்காவும் ஒரு தப்பு செய்தார். அதைவிடப் பெரிய தப்பை நான் செய்தேன்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் ‘குழந்தை அழுததா? ஆம் / இல்லை’ என்று அச்சடித்திருக்கும். எந்தப் புண்ணியவான் அதைத் தயாரித்தானோ, என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. குழந்தை எப்போது அழுதது, எதற்கு அழுதது என்று எழுத அதில் இடமே இல்லை. வார்டில் ‘அழுதது’ என்று சீட்டில் எழுதினால் டாக்டர் வந்து ஏன் என்று கேட்பார். இங்கேயும் யாராவது வந்து கேட்பார்கள் என்று அக்கா நம்பினார். நீதிமன்றத்தில் போய் அப்படி ஒரு நம்பிக்கை!

வெல்டர் ஒருவர் தன் ஆறு வயது மகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் தீப்பொறி சுட்ட தழும்பு, எப்போதும் சிவந்த கண். அட்டைப்பெட்டி மூடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் ‘வெல்டிங்’ வைப்பாள். உடைந்த பொம்மை லாரி ஒவ்வொரு சனிக்கிழமையும் பழுது பார்க்கப்படும். அப்பா கூலிக்குப் பேரம் பேசுவார், அவள் குறைக்கவே மாட்டாள். ஒரு மணி நேரமும் கும்மாளம்தான். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்றதும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்குவாள். அக்கா ‘ஆம்’ என்று எழுதுவார்.

மருந்துக்கடையில் வேலை செய்யும் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கதவு தடிமன், சிரிப்பு வெளியே வராது. கதவு திறக்கும்போது முகம் வீங்கி அழுதுகொண்டு வருகிற பிள்ளையைத்தான் அவள் பார்த்தாள். வாராவாரம் அதையே பார்த்தால் எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவளிடம் போய் விஷயத்தைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. விதி அப்படி, மண்ணாங்கட்டி விதி.

சந்திப்பை நிறுத்தக் கேட்டு அவள் மனுப் போட்டாள். பதிவேட்டைப் பார்த்து நான் சுருக்க அறிக்கை அடித்துக் கொடுத்தேன். ‘சந்திப்புகள் ஆறு. குழந்தை அழுதவை ஆறு.’ ஒரு மாடி இறங்கிப் போய் அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை அதிகமாம்.

விசாரணையன்று குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா நீதிமன்ற வாசலில் நின்றார், நீதிபதி கூப்பிட்டால் அழைத்து வருவதற்காக. அம்மாவின் வக்கீல் என் அறிக்கையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். ஆறுக்கு ஆறு, பெற்ற தகப்பனைக் கண்டாலே பயந்து நடுங்குகிறது, உங்கள் பதிவேடே சாட்சி என்றார். வெல்டர் பக்கத்தில் யாருமில்லாமல் தனியாக நின்றார். வக்கீல் வைக்க வழியில்லாத மனுஷன்.

அக்கா யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து நீதிபதியம்மா முன்னால் நின்றுவிட்டார்.

“அம்மா, அந்தப் பாப்பா அழுதது நிஜம். வரும்போது அழல. அப்பா போறப்பதான் அழுதுச்சு.”

“அதை ஏன் எழுதலை?” என்றார் நீதிபதி.

“எங்க எழுத? கட்டம் ஒண்ணுதான் இருக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க அதை வச்சு விருந்தே போடுறீங்களே.”

யாரோ சிரித்தார்கள். ஊழியர் வாய்ச்சொல் ஆவணத்தை மீறாது என்று வக்கீல் எழுந்தார். நீதிபதி கெட்டவர் இல்லை, ஆனால் அன்றைக்கு இன்னும் முப்பது வழக்கு பாக்கி. “சரி, வர்ற சனிக்கிழமை பார்ப்போம். அன்னைக்கும் குழந்தை அழுதா, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம்” என்று முடித்துவிட்டார். ஆறு வயதுப் பிள்ளையை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை இது. அதற்குக் கீழேயும் குழந்தையின் நலனே முதன்மையானது என்று நான் அடித்தேன்.

சனிக்கிழமை நான் கீழே போனேன். பதிவேட்டை வாங்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அவள் அன்று வெல்டிங் வைக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் லாரியை எடுத்து நீட்டினார். அவள் தொடவில்லை. அக்கா அன்று “அஞ்சு நிமிஷம்” சொல்லவே இல்லை, நேரம் முடிந்து வெகுநேரம் கழித்து வெல்டரே எழுந்தார். அவள் காலைக் கட்டவில்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது, பல்லால் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. அக்காவிடம் வந்து நின்றாள்.

“நான் அழல. எழுதிக்கோங்க.”

அக்கா ‘இல்லை’ என்று எழுதினார்.

கதவைத் திறந்ததும் அம்மா எழுந்து உள்ளே வந்தாள். அழாத முகத்தைப் பார்த்து முதலில் அவளுக்கு நிம்மதிதான். தூக்கியதும் பிள்ளை உடம்பு விறைத்திருப்பதைக் கண்டுகொண்டாள். “என்னடி ஆச்சு?” என்றாள். பிள்ளைக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது.

“அழுதா அப்பாவை நிறுத்திடுவாங்கன்னு அடக்கி வச்சிருக்கு” என்றார் அக்கா. விதியாவது ஒன்றாவது. “கோர்ட்லயும் சொன்னேனே, ஒரு மணி நேரம் சிரிக்கிற பிள்ளைம்மா இது. போறப்ப மட்டும்தான் அழும். உன்னைப் பிரிச்சாலும் இப்படித்தான் அழும்.”

அம்மா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு வெளியே வாசல் படியிறங்கிக்கொண்டிருந்த வெல்டரைப் பார்த்து, “கொஞ்சம் இருங்க” என்றாள். ஒரு வருடத்தில் அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அவர் நின்றார். பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

“அழு கண்ணு. யாரும் எழுத மாட்டாங்க.”

பிள்ளை அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவின் கையைப் பார்த்தது. பேனா இன்னும் அங்கேதான் இருந்தது. அக்கா அதை என் சட்டைப்பையில் செருகினார். பிள்ளை இப்போது என்னைப் பார்த்தது. நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன். அதன் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது.